குடையோரம் விழுந்த படம்

எங்கள் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கும் படத்தைப் பார்க்கிற எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "இது எந்த ஊர் ஏரி? கேரளாவா?" சடையங்குப்பம் என்று சொன்னால் ஒன்றும் புரியாது. வடசென்னையில், மணலிக்குப் பக்கம் என்று விளக்கினால், "அங்கே இவ்வளவு அழகான இடமா!" என்பார்கள். ஓசூருக்குக் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இதைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. அது ஏரி இல்லை, ஐயா. எங்கள் தெருக்கோடிக்கு வந்த வெள்ளம்.

படத்தில் ஆள் யாரும் கிடையாது. சாம்பல் நிறத் தண்ணீர் அசையாமல் நிற்கிறது. அதன் நடுவே ஒரு மின்சார டவர், தூரத்தில் ஆலையின் புகைபோக்கி, அதன் உச்சியில் பகலிலும் எரியும் தீ. இடது பக்கம் ஓடைப் பாலத்தின் சுவரும் அதில் படுக்கைவாட்டில் வெள்ளைக் கோடுகளும் தெரியும். மேல் மூலையில் மட்டும் கறுப்பாக ஒரு முக்கோணம் விழுந்திருக்கும். பிரேம் போடுகிற கடைக்காரர் அதை வெட்டிவிடட்டுமா என்று கேட்டபோது, அவரை அடிக்காத குறையாக மறுத்துவிட்டு வந்தேன். அது குடையின் ஓரம். என் போன் நனையாமல் இருக்க அந்தக் குடையைப் பிடித்துக்கொண்டு எனக்குப் பின்னால் நின்றவர் என் தாத்தா பக்தவச்சலம், அம்மாவின் அப்பா. அவர் என்னிடம் மிச்சம் இருப்பது அந்த முக்கோணம் அளவுக்குத்தான்.

தாத்தாவுக்குப் படம் எடுத்துக்கொள்வது பிடிக்காது. அவர் செத்தபோது அஞ்சலி பேனருக்கு வாக்காளர் அட்டையில் இருந்த மூஞ்சியைத்தான் பெரிதாக்கினோம். அதில் அவர் யாரையோ திட்டப்போகிற மாதிரி இருப்பார். பெரும்பாலும் திட்டிக்கொண்டும்தான் இருந்தார்.

துறைமுகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் கப்பலுக்குப் பெயின்ட் அடித்தவர் அவர். காண்டிராக்ட் ஆள். கயிற்றில் கட்டிய பலகையில் உட்கார்ந்து கப்பலின் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டு, துருவைத் தட்டிக் கொட்டிவிட்டுப் பெயின்ட் அடிக்க வேண்டும். கப்பலின் உடம்பில் அது எவ்வளவு ஆழம் முங்கியிருக்கிறது என்று காட்டுகிற கோடுகளும் எண்களும் இருக்கும். அவற்றைத் திரும்ப எழுதுவதில் தாத்தா பெரிய கை. மேஸ்திரி தகட்டில் வெட்டிய எண்ணை வைத்துப் பிடிப்பார், தாத்தா அதன் மேல் அடிப்பார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கரையில் நின்றபடியே, "அது லோடு ஜாஸ்தி, தோ பார், கோட்ட முழுங்கிகினு நிக்குது" என்று சொல்லிவிடுவார். வீட்டிலும் அதே பேச்சுதான். நான் இரண்டாவது தட்டு சோறு வாங்கினால், "எழிலு, கோட்ட தாண்டிட்ட, போதும்" என்பார்.

2015 வெள்ளத்தில் நாங்கள் இரண்டு நாள் பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் கிடந்தோம். தண்ணீர் வடிந்த பிறகு எல்லோரும் வீட்டைக் கழுவிக்கொண்டிருக்க, தாத்தா மட்டும் ஓடைப் பாலத்துக்குப் போய் வெகுநேரம் நின்றிருந்தார். அவருக்கு வெட்கம். ஊரான் கப்பலுக்கெல்லாம் கோடு போட்டவன் சொந்தத் தெருவுக்குப் போடவில்லையே என்று புலம்பினார். அந்த வாரமே கால் டப்பா வெள்ளை பெயின்ட் கொண்டுவந்து, பாலத்தின் சுவரில் கீழிருந்து மேலாக, ஒரு சாணுக்கு ஒன்றாக ஏழு கோடு போட்டார்.

"மூணாவது கோட்ட தண்ணி தொட்டா கெளம்பிடணும்," என்று தெருவையே கூட்டி வைத்துச் சொன்னார். "வூட்டுக்குள்ள தண்ணி வர்றது அஞ்சுலதான். ஆனா நாலுலயே தெருக்கோடி பள்ளம் இடுப்பு வரிக்கும் ரொம்பிடும். அதுக்கப்புறம் எங்க போவ? மூணுக்கு முன்ன எவன் சொன்னாலும் போவாத. மூணு வந்தா எவன் சொன்னாலும் நிக்காத."

கோட்டுக்குப் பக்கத்தில் எண் எழுதலாமே என்று நான் சொன்னேன். "பூவம்மாவுக்கு நம்பர் தெரியுமா?" என்று முறைத்தார். பூவம்மா எங்கள் எதிர்வீட்டில் இட்லிக்கடை வைத்திருக்கும் கிழவி. அவளுக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது என்பதை நான் சொல்லவில்லை.

அதன் பிறகு மழைக்காலம் என்றால் தாத்தா பல் விளக்குவதற்கு முன்னால் போய்க் கோட்டைப் பார்த்துவிட்டு வருவார். "இன்னா பக்தா, எத்தினி?" என்று தெருவே கேட்கும். விரலைக் காட்டுவார். ஒவ்வொரு புரட்டாசியிலும் கோடுகளுக்குப் புதுப் பெயின்ட் அடித்துவிடுவார்.

இந்தப் படம் எடுத்தது கோடு போட்டு இரண்டு வருஷம் கழித்து, முதன்முதலாகத் தண்ணீர் மூன்றாவது கோட்டைத் தொட்ட அன்று. தெரு மொத்தமும் மூட்டை முடிச்சோடு கிளம்பிக்கொண்டிருந்தது. நான் சர்டிபிகேட் பையைக் கட்டிப்பிடித்தபடி பயந்துபோய் நின்றேன். தாத்தா என் கையைப் பிடித்துப் பாலத்துக்கு இழுத்துப் போனார்.

"போன எடு. ஒரு போட்டோ புடி."

"இப்ப எதுக்கு தாத்தா? வா, போலாம்."

"புடின்றேன்ல. கோட்ட புடி. தண்ணி மூணுல நிக்கறது நல்லா தெரியணும்."

எடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "இன்னா புடிச்சிக்கிற? செவுத்த மட்டும் புடிச்சி இன்னா பிரயோஜனம்? பின்னால போ. டவரோட சேத்து எடு."

கொட்டுகிற மழையில் இந்த மனிதருக்கு இயற்கைக் காட்சி கேட்கிறதா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் போய் டவரையும் சேர்த்து எடுத்தேன். குடையோரம் விழுந்துவிட்டது. இன்னொன்று எடுக்க நான் மெனக்கெடவில்லை. அன்று எல்லோரும் பத்திரமாக, முகாமாக வைத்திருந்த பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.

தாத்தா போனது 2021 புரட்டாசியில், கோடு போடும் நாளுக்கு முன்னால். அடுத்த கோடையில் எங்கள் ஜனமே மனு மேல் மனு கொடுத்து அந்தத் தாழ்ந்த பாலத்தை உயர்த்தி வாங்கியது. புதுச் சிமென்ட் பூச்சில் பழைய கோடுகள் மறைந்துவிட்டன. அவருடைய முதல் நினைவு நாளன்று படையல் போட்டுவிட்டு, நானும் அம்மாவும் பெயின்ட் டப்பாவோடு பாலத்துக்குப் போனோம். போனில் இந்தப் படத்தை விரித்து வைத்துக்கொண்டு, மேல் விளிம்பிலிருந்து ஒரு சாண் விட்டு ஏழாவது கோடு, அப்புறம் கீழே சாணுக்கு ஒன்று என்று முதல் கோடு வரைக்கும் நான்தான் போட்டேன். கோணல் இல்லாமல் போட்டேன் என்று எனக்குப் பெருமை. அம்மா கற்பூரம் ஏற்றிக் கோட்டுக்குக் காட்டினாள். தெருவே வந்து கும்பிட்டது.

இந்த டிசம்பரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, டிவியில் பூண்டி ஏரியைத் திறக்கிறார்கள் என்று செய்தி ஓடியது. சென்னையில் மூன்று நாளாக மழை. பூண்டித் தண்ணீர் கடலுக்குப் போகிற வழியில்தான் எங்கள் ஊர். அம்மா மலர்க்கொடி சடையங்குப்பத்தில் தனியாக இருக்கிறாள். என்னோடு வந்து இரு என்று எத்தனையோ தடவை கூப்பிட்டாயிற்று. ஓசூர் குளிர் ஒத்துக்காது என்று ஒரு சாக்கு வைத்திருக்கிறாள். நான் போன் போட்டேன்.

"ம்மா, கெளம்பிட்டியா?"

"எங்க கெளம்புறது? நீ டிவிய பாத்துகினு பேஜாரு பண்ணாத. இப்பதான் கோட்ட பாத்துட்டு வந்தேன். மொத கோட்டையே இன்னும் தொடல."

"காலி பண்ணச் சொல்லி மைக்ல சொல்லிட்டு போறாங்கன்னு நம்ம தெரு டில்லிபாபு ஸ்டேட்டஸ் போட்டிருக்கானே?"

"போன வருசமும்தான் சொன்னாங்கோ. ரெண்டு நாளு ஸ்கூல்ல குந்திகினு இருந்தோம். பாத்ரூம்லாம் ஒரே கலீஜு. இங்க ஒரு சொட்டு தண்ணி வர்ல. மூணாவது கோடு வரட்டும். நைனா சொன்னா சொன்னதுதான்."

தாத்தாவை அவள் நைனா என்றுதான் கூப்பிடுவாள்; அவர் பேச்சை எடுத்துவிட்டால் அவளோடு மல்லுக்கு நிற்க முடியாது. போனை வைத்துவிட்டாள். அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. மழை என்றால் சார்ஜ் போகக்கூடாது என்று போனை அணைத்து, பாலிதீன் கவரில் சுற்றி, பீரோ மேல் வைத்துவிடுவாள். அடுத்த தடவை நான் கூப்பிட்டபோது சுவிட்ச் ஆஃப் என்று வந்தது.

என் கணவர் நிலவன், "பஸ் பிடித்துப் போனாலும் ஏழெட்டு மணி நேரம் ஆகும், அங்கே உள்ளே விடவும் மாட்டார்கள்" என்றார். சரியான பேச்சுதான். சரியான பேச்சு பேசுகிறவர்களைப் பார்த்தால் அந்த நேரத்தில் பற்றிக்கொண்டு வருகிறது. சமையலறைக்குப் போனேன், ஹாலுக்கு வந்தேன், மறுபடி போனேன். தக்காளியைப் பாதி நறுக்கிவிட்டுக் கத்தியை வைத்தேன்.

பதினொன்றரைக்கு டில்லிபாபுவைப் பிடித்தேன். எங்கள் தெருப் பையன், ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். மழை என்றால் ஆட்டோவைப் பாலத்தின் மேல் ஏற்றி நிறுத்திவிட்டு அங்கேயே இருப்பான்.

"டில்லி, கோட்ட ஒரு போட்டோ எடுத்து அனுப்புடா."

"டென்ஷன் ஆவாதக்கா. தோ, அனுப்புறேன்."

படம் வந்தது. பாலத்துச் சுவர், என் கோடுகள், தண்ணீர் முதல் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. இன்னும் இரண்டு சாண் ஏற வேண்டும். அப்பாடா என்று இருந்தது. அம்மா சொன்னது சரி, நான்தான் அல்லாடுகிறேன் என்று என்னையே திட்டிக்கொண்டு டீ போட்டேன்.

டம்ளரோடு ஹாலுக்கு வந்து சோபாவில் உட்கார்ந்தேன். எதிரே சுவரில் தாத்தாவின் படம், கையில் டில்லி அனுப்பிய படம். அவன் எட்ட நின்று எடுத்திருந்ததால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே காட்சிதான். ஆனால் ஏதோ ஒன்று இடித்தது. என்னவென்று தெரியவில்லை. மாற்றி மாற்றிப் பார்த்தேன். புகைபோக்கி இருக்கிறது. பாலம் இருக்கிறது. டவர் இருக்கிறது.

டவரின் கால்கள் இல்லை.

அந்த மின்சார டவர் நான்கு கான்கிரீட் கட்டைகளின் மேல் நிற்கும். சின்ன வயதில் நாங்கள் அவற்றின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறோம். தாத்தாவின் படத்தில் தண்ணீர் அந்தக் கட்டைகளின் தலைமட்டத்தில் நிற்கிறது. நான்கும் நான்கு வெள்ளைத் தட்டு மாதிரித் தெரிகின்றன. பாலத்தில் அப்போது மூன்றாவது கோடு. டில்லியின் படத்தில் கட்டைகளே தெரியவில்லை. இரும்பு நேராகத் தண்ணீருக்குள் இறங்குகிறது. ஆனால் பாலத்தில் முதல் கோடுதான்.

டவரை யாரும் நகர்த்தவில்லை. பாலத்தைத்தான் உயர்த்தினார்கள். நான் உயர்ந்த பாலத்தின் மேல் விளிம்பிலிருந்து அளந்து, தாத்தாவின் ஏழு கோடுகளையும் பாலத்தோடு சேர்த்து மேலே தூக்கிவிட்டேன். படத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு போட்டேன். சுவரைப் பார்த்தேனே ஒழிய, டவரைப் பார்க்கவில்லை. பாலம் மூன்று சாண் உயர்ந்தது. அப்படியென்றால் என் முதல் கோடு அவருடைய நாலாவது கோடு.

டீ மடியில் கொட்டியது. சுட்டதா என்றுகூடத் தெரியவில்லை. நாலில் பள்ளம் இடுப்பு வரைக்கும் நிரம்பிவிடும். என் அம்மா மூன்றாவது கோட்டுக்காகக் காத்திருக்கிறாள். மூன்றாவது கோடு வரும்போது அவள் வீட்டுக்குள்ளேயே ஒரு சாண் தண்ணீர் நின்றிருக்கும், வெளியே வர வழியே இருக்காது. தெரு மொத்தமும் அப்படித்தான் காத்திருக்கிறது. கற்பூரம் காட்டிக் கும்பிட்டுவிட்டுக் காத்திருக்கிறது.

அம்மாவின் போன் அணைந்தே கிடந்தது. டில்லியைக் கூப்பிட்டேன்.

"டில்லி, உடனே எங்க வூட்டுக்கு போ. அம்மாவ, பூவம்மாவ, எல்லாரையும் கெளப்பு. கோடு தப்புடா."

"இன்னாக்கா சொல்ற? அது தாத்தா கோடுக்கா. தப்பாவுமா?"

"தாத்தா கோடு இல்லடா! அது நான் போட்ட கோடு. நான் தப்பா போட்டுட்டேன். பாலம் ஒசந்தத நான் கணக்குல எடுக்கல. டவர பாரு. கட்ட தெரியுதா உனக்கு?"

போனில் மழைச் சத்தம் பக்கம் மாறியது. அவன் திரும்பிப் பார்க்கிறான் என்று எனக்குத் தெரிந்தது.

"தெர்லக்கா," என்றான். குரல் மாறிவிட்டிருந்தது. "மெய்யாலுமே தெர்ல."

அவன் ஓடுகிற சத்தமும், அப்புறம் தண்ணீரில் இறங்குகிற சத்தமும் கேட்டன. "பள்ளத்துல இடுப்பு வரிக்கும் கீதுக்கா," என்று கத்தினான். பிறகு அம்மாவின் குரல்.

"இன்னாடி உனுக்கு? புள்ளைய ஏன் மழையில தொரத்துற?"

"ம்மா, கோடு தப்பு. நான் தப்பா போட்டுட்டேன்."

"நைனா போட்டோவ பாத்துதான போட்ட? நான் பக்கத்துலதான நின்னேன்?"

"பாலத்த பாத்து போட்டேன்மா. பாலம் மேல போய்டுச்சி, கோடும் கூட போய்டுச்சி. தாத்தா டவரோட சேத்து எடுன்னு சொன்னாரு. நான் ஏன்னு கேக்கல. அவரு மூணுல தண்ணி டவர் கட்டைக்கு தலமட்டமா நின்னுச்சி. இப்ப கட்டையே முங்கிட்ச்சிமா."

அவள் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

"அப்ப நைனா கோட்டுல இப்ப எத்தினி?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"நாலு."

"ஐயோ," என்றாள். அடுத்த நொடி போனைக் காதிலிருந்து எடுக்காமலேயே கத்தினாள்: "பூவம்மா! ஏய் பூவம்மா! அடுப்ப அணச்சிட்டு கெளம்பு! நாலு தாண்டிட்ச்சி!" அத்தோடு இணைப்பு அறுந்தது.

அதற்கப்புறம் ஐம்பது நிமிஷம். நான் அதை நிமிஷம் நிமிஷமாகச் சொல்ல மாட்டேன், சொல்லவும் வராது. பத்து தடவைக்கு மேல் கூப்பிட்டேன். டில்லியின் போன் மணி அடித்து அடித்து ஓய்ந்தது. அப்புறம் மணியும் அடிக்கவில்லை. நிலவன் பக்கத்தில் உட்கார்ந்து என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். கையை எடுங்கள் என்று எரிந்து விழுந்தேன். எடுத்ததும் அழுகை வந்தது. பூவம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் ஆகிறது, முட்டிவலி வேறு. அவளை விட்டுவிட்டு அம்மா ஒரு எட்டு வைக்கமாட்டாள். இரண்டு பேரும் அந்தப் பள்ளத்தில் இறங்குவது கண்ணுக்குள்ளேயே நின்றது. சுவரில் இருந்த படத்தைப் பார்க்க முடியவில்லை. திருப்பி வைத்தேன். அப்புறம் அது இன்னும் பயமாக இருந்தது, நேராக வைத்தேன். கறுப்பு முக்கோணத்தைத் தொட்டுக்கொண்டு நின்றேன். ஏதாவது செய் தாத்தா என்று வாய்விட்டே சொன்னேன்.

பன்னிரண்டே முக்காலுக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"எழிலு, நான்தான். ஸ்கூலுக்கு வந்துட்டோம்."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். "எல்லாருமா?"

"எல்லாரும். பள்ளத்துல இடுப்புக்கு மேல ஏறிட்ச்சி. கயிறு கட்டி, புடிச்சிகினு வந்தோம். பூவம்மாவ டில்லி முதுவுல தூக்கிகினு வந்தான். கெழவி அப்ப கூட இட்லி குண்டான வுட மாட்டேன்னுட்சி. டில்லி போன் தண்ணில பூட்ச்சி, பாவம். இது டீச்சரம்மா போனு."

"உனக்கு ஒண்ணும் ஆவலயே?"

"ஒண்ணும் இல்ல. செருப்பு ஒண்ணு அடிச்சிகினு போய்ட்ச்சி." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "கடைசியா வந்தவனுங்கோ சொல்றானுங்கோ, நம்ம வூட்டு வாசப்படில தண்ணி ஏறிட்ச்சாம். பாலத்துல இன்னும் ரெண்டாவது கோடுதான் கீதாம்."

பின்னால் குழந்தைகள் அழுகிற சத்தமும் பெஞ்சை இழுக்கிற சத்தமும் கேட்டன.

"நைனா மட்டும் இருந்திருந்தா," என்றாள் அம்மா, "தப்பு கோடு போட்டதுக்கு முதுவுலயே ரெண்டு வெச்சிருப்பாரு உனுக்கு."

"வந்து வெக்கச் சொல்லும்மா," என்றேன். "வந்து வெக்கச் சொல்லு."

அந்தப் பக்கம் அம்மா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. டீச்சரம்மா போனைக் கேட்கிற வரைக்கும் இரண்டு பேரும் அப்படியே அழுதுகொண்டிருந்தோம்.